முந்திரிப் புகையும் ஒற்றைக் கம்பளியும்

வெயிலில் சுருண்டு விழுந்தவரைக் கம்பளியால் மூடாதீர்கள். நிழலுக்குத் தூக்கிச் சென்று, தண்ணீரால் நனைத்து, விசிறுங்கள். நினைவு இருந்தால் குடிக்கக் கொடுங்கள். செய்தி இவ்வளவுதான். செய்தியை முதல் பத்தியிலேயே சொல்லிவிட வேண்டும் என்பது தொழிலில் படிந்த பழக்கம். அந்தச் செய்தி எனக்கு எப்படித் தெரியவந்தது என்பதுதான் மீதி.

நான் சிதம்பரத்தில் குடியிருக்கிறேன். சென்னையிலிருந்து வரும் ஒரு நாளிதழுக்குத் தென்னார்க்காடு மாவட்டச் செய்திகளை அனுப்புவது வேலை. கலெக்டர் ஆபீசும் கோர்ட்டும் துறைமுகமும் கடலூரில் இருப்பதால் காலைப் பாசஞ்சரில் போய் மாலையில் திரும்புவேன். போன வருஷம் கத்திரி பிறந்து சில நாட்கள் கழித்து, கடலூர் பஸ் நிலையத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். பண்ருட்டிப் பக்கமிருந்து வந்த பஸ்ஸிலிருந்து கண்டக்டர் கண்ணைக் கசக்கிக்கொண்டே இறங்கினார். எனக்குப் பழக்கமானவர்.

"மேக்கால ஒரே பொகை சார். முந்திரித் தோப்பு எரியுது. படுதாவ எறக்கிவுட்டுக்கினுதான் வந்தோம்" என்றார்.

அடுத்த பஸ்ஸில் ஏறினேன்.

முந்திரி மரம் தாழ்ந்து படரும். அடியில் உதிர்ந்த சருகு கணுக்கால் அளவுக்குக் கிடக்கும். கத்திரியில் அது அப்பளம் போல நொறுங்கும். அந்தத் தோப்பின் ஓரத்தில் ஒரு கீற்றுக் கொட்டகை இருந்தது. கொட்டை வறுக்கும் களம் அது. காலையில் சட்டியிலிருந்து தெறித்த ஒரு பொறி சருகில் விழுந்திருக்கிறது.

வறுப்பதைப் பார்க்காதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். முந்திரிக் கொட்டையின் ஓட்டுக்குள் ஓர் எண்ணெய் இருக்கிறது. தோலில் பட்டால் கொப்புளம் போடும். அதை எரித்துப் போக்குவதற்காகக் கொட்டையை அகன்ற இரும்புச் சட்டியில் போட்டு வறுக்கிறார்கள். சட்டி காய்ந்ததும் எண்ணெய் கசிந்து தீப்பிடிக்கும். கொட்டைகள் எரிந்துகொண்டே துள்ளும். வறுப்பவர் நீளக் கழியால் கிளறி, பதம் பார்த்து மண்ணில் கொட்டுவார். பெண்கள் தண்ணீர் தெளித்து அணைத்து, ஆறிய பிறகு கட்டையால் தட்டி உடைப்பார்கள். அந்தப் புகை விறகுப் புகை போன்றதல்ல. கறுப்பாக, பிசுபிசுப்பாக இருக்கும். மூக்கில் ஏறினால் உள்ளே மிளகாய் அரைத்துப் பூசியது போல எரியும்.

தீயை அணைக்க ஆட்கள் பச்சைக் கிளைகளை ஒடித்து அடித்துக்கொண்டிருந்தார்கள். காற்று மேற்கிலிருந்து வீசியது. அதனால் எல்லோரும் மேற்குப் பக்கம் நின்றார்கள். புகை கிழக்கே போய்க்கொண்டிருந்தது. நானும் அவர்களோடு நின்றேன். பக்கத்தில் உயரமான, ஒல்லியான ஆள் ஒருவர். முழங்கை வரை கொப்புளத் தழும்பு. சட்டி வறுப்பவர் என்று கையைப் பார்த்ததுமே தெரிந்தது.

"எப்படிப் பத்திச்சு?" என்றேன்.

"நெருப்பு வச்சாப் பத்தும்" என்றார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "பேப்பர்காரரா? எழுதுங்க. எம் பேரு கோவிந்தன். மொதலாளி பேரப் போட்டுடாதீங்க சார், பொழப்புக் கெட்டுடும். எம் பேரப் போடுங்க. இப்படி ஒருத்தன் இருக்கான்னு நாலு பேருக்குத் தெரியட்டும்."

எனக்கு நாக்கு வறண்டிருந்தது. தண்ணீர் கிடைக்குமா என்று கேட்டேன்.

"தொட்டி நெறைய இருக்குது. இப்பக் குடிக்கக் கூடாது. நெருப்புல நின்ன ஒடம்பு, ஜன்னி கண்டுடும். வேர்வ ஆறட்டும், அப்பறம் குடிக்கலாம்."

களத்தில் அது வழக்கம் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். சட்டி ஏறினால் கடைசிச் சட்டி இறங்கும் வரை வறுப்பவர் தண்ணீர் தொடமாட்டார். முதலாளி அப்படி ஒரு சட்டம் போடவில்லை. போட வேண்டிய தேவை அவருக்கு இல்லை. அன்று கோவிந்தன் விடியற்காலையில் சட்டி ஏற்றியவர். அங்கிருந்து நேராகத் தீயை அடிக்க வந்திருக்கிறார். நான் அவர் சொன்னதைக் கேட்டுச் சிரிக்கவில்லை. என் வீட்டிலும் வெயிலில் வந்தவனுக்கு உடனே தண்ணீர் தருவதில்லை.

கடலூர்க்காரர்கள் கத்திரியில் நடுப்பகல் தாண்டிய பிறகு ஒன்றுக்காகத்தான் காத்திருப்பார்கள். மேல்காற்று தணிந்து கடற்காற்று ஏற வேண்டும். தேவனாம்பட்டினக் கடற்கரையில் ஏறிய காற்று தோப்புக்கு வந்து சேரக் கொஞ்ச நேரம் பிடிக்கும். அன்று வந்து சேர்ந்தது. முதலில் கழுத்தில் குளிர்ச்சியாகப் பட்டது. யாரோ "அப்பாடா" என்றார்கள். அதற்குள் கிழக்கே போன புகை முழுவதும் சுவர் போலத் திரும்பி எங்கள் மேல் வந்தது. வறுத்த கொட்டை, வறுக்காத கொட்டை எல்லாம் கொட்டகையோடு எரிந்த புகை. எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியவில்லை. இருமக்கூட மூச்சு இல்லை. கோவிந்தன் என் கையைப் பிடித்து இழுத்தது நினைவிருக்கிறது. பிறகு அவர் எதையோ பிதற்றியபடி முன்னால் விழுந்தார். எனக்கு அதற்குமேல் நினைவில்லை.

கண் விழித்தபோது ஈரத்துணிக்குள் கிடந்தேன். கடலூர் ஆஸ்பத்திரியில் ஆண்கள் வார்டு. பக்கத்தில் ஆளுயர இரும்புச் சிலிண்டர், அதிலிருந்து மூக்குக்கு ஒரு ரப்பர்க் குழாய். கையில் ஊசி வழியாக உப்புத் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. என் மனைவி ஜைனபின் தம்பி ஹனீபா தலைமாட்டில் உட்கார்ந்திருந்தான். சிதம்பரத்தில் வாடகைச் சைக்கிள் கடை வைத்திருப்பவன்.

"மச்சான், பேசாதீங்க" என்றான். "டாக்டர் கண்டிசனா சொல்லிட்டாரு. முணுமுணுக்கக் கூடாதாம். அக்கா சாயந்தர வண்டியில வருது."

டாக்டர் இளைஞர். படுக்கையின் கால்மாட்டில் நின்று பொறுமையாகச் சொன்னார். எனக்கு இரண்டு கேடு. முதலாவது வெயில். உடம்பு தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும் வழி வியர்வை. உள்ளே தண்ணீர் போகாமல் வெளியே சூடு ஏறிக்கொண்டே இருந்தால் ஒரு கட்டத்தில் வியர்வை நின்றுவிடும். அதன்பின் சூடு வெளியேற வழியில்லை. தோல் வறண்டு கொதிக்கும். மூளை தடுமாறி ஆள் பிதற்றுவார். கைகால் வெட்டி இழுக்கும். சாதாரணக் காய்ச்சலில் உடம்பு தானாகச் சூட்டை ஏற்றுகிறது, மாத்திரை போட்டால் இறக்கிவிடும். இதற்கு மாத்திரை கேட்காது. வெளியிலிருந்துதான் குளிரவைக்க வேண்டும்.

இரண்டாவது புகை. தொண்டையிலும் குரல் வரும் இடத்திலும் உள்தோல் வெந்து வீங்கியிருக்கிறது. வீக்கம் கூடினால் மூச்சு அடைக்கும். அப்படி ஆனால் கழுத்தில் துளையிட்டுக் குழாய் வைக்க வேண்டிவரும் என்று சொல்லி, துளையிடும் இடத்தைத் தன் கழுத்திலேயே விரலால் தொட்டுக் காட்டினார். அன்றிலிருந்து ஒவ்வொரு மூச்சையும் உள்ளே போகிறதா என்று கவனித்து இழுத்தேன். தூங்கினால் கவனிக்க ஆள் இல்லையே என்ற பயத்தில் தூங்கவில்லை. இருமினால் கரி கரியாக வந்தது. குரல் திரும்புமா என்று பலகையில் எழுதிக் கேட்டேன். பலகையும் பல்பமும் ஹனீபா வாங்கி வந்தவை. "பார்க்கலாம்" என்றார் டாக்டர். கோர்ட்டில் பல வருஷம் உட்கார்ந்தவனுக்கு அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று தெரியும்.

அடுத்த கட்டிலில் கோவிந்தன் கிடந்தார்.

அவருக்கு நினைவு இல்லை. என்னைவிட அவர் உடம்பு அதிகம் கொதித்தது. ஈரத் துணியைப் போட்டால் கொஞ்ச நேரத்தில் காய்ந்துவிடும். சிஸ்டர் அதை மறுபடி நனைப்பார். ஐஸ் வேண்டும் என்றார்கள். ஹனீபா ஒரு சைக்கிளை எடுத்துக்கொண்டு துறைமுகத்துக்குப் போய், மீனுக்குப் போடும் ஐஸ்கட்டியை மரத்தூளோடு சாக்கில் கட்டி வந்தான். அக்குளிலும் தொடை இடுக்கிலும் வைத்தார்கள். வார்டு முழுவதும் மீன் வாடை. "யாரும் வாந்தி எடுத்துடாதீங்கய்யா, இது வஞ்சிரம் வச்ச ஐசு, வெல ஜாஸ்தி" என்றான் ஹனீபா. எதிர்க் கட்டிலில் கால் ஒடிந்து கிடந்தவர் சிரித்தார்.

சிரிக்காதவர் ஒருவர்தான். கோவிந்தனின் மனைவி அஞ்சலை. களத்தில் கொட்டை உடைப்பவர். விரல் நுனிகள் கறுத்துத் தோல் உரிந்திருந்தன. கட்டிலின் கால்மாட்டில் தரையில் உட்கார்ந்து, தன் கணவர் மேல் ஐஸ் வைப்பதை நெருப்பு வைப்பதைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சிஸ்டர் வார்டின் மறுகோடிக்குப் போனதும் அஞ்சலை எழுந்தார். ஐஸ் துணியை எடுத்துக் கீழே போட்டார். கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு பழுப்புக் கம்பளியை இழுத்து, கோவிந்தனின் கழுத்து வரை போர்த்தி, ஓரங்களைப் படுக்கைக்கு அடியில் செருகினார். ஒரு குழந்தைக்குப் போர்த்துவது போல அவ்வளவு பதமாகச் செய்தார்.

ஹனீபா அப்போது வெளியே போயிருந்தான். எனக்குக் குரல் இல்லை. எழ முடியாது. பலகையில் எழுதிக் காட்டினேன். அஞ்சலைக்குப் படிக்கத் தெரியாது. கையில் அகப்பட்டது அலுமினியத் தம்ளர். அதால் கட்டிலின் இரும்புக் கம்பியை அடித்தேன். நிறுத்தாமல் அடித்தேன். சிஸ்டர் எனக்கு மூச்சு அடைத்துவிட்டது என்று நினைத்து ஓடி வந்தார். நான் பக்கத்துக் கட்டிலைக் காட்டினேன்.

"என்னம்மா பண்ற நீ? கொல்லப் பாக்குறியா?" சிஸ்டர் கம்பளியை உருவி எறிந்தார்.

"நீங்கதாம்மா கொல்லுறீங்க" என்றார் அஞ்சலை. "ஜன்னி கண்டவுருக்கு ஐசு வெக்கிறீங்க. இந்த அநியாயத்த எங்கயாவது பாத்திருக்கீங்களா?"

ஜன்னி என்றால் ஊரில் மூடிப் போர்த்துவார்கள். பிதற்றலையும் இழுப்பையும் பார்த்தவர்களுக்கு இது ஜன்னியாகத்தான் தெரியும். அஞ்சலை சொன்னதில் ஒரு சொல்கூட அவருக்குப் பொய்யில்லை.

மறுபடியும் போர்த்தினார். மறுபடியும் தட்டினேன். அதற்குப் பிறகு என்னிடம் வந்து, மரியாதையாகத் தம்ளரை எடுத்து, என் கைக்கு எட்டாத ஜன்னலில் வைத்தார். "நீங்க தூங்குங்க சார். உங்க ஒடம்பப் பாருங்க" என்றார். நான் கைக்கடிகாரத்தைக் கழற்றி அதால் தட்டினேன். கண்ணாடி உடைந்தது.

ஹனீபா திரும்பி வந்ததும் சிஸ்டர் எல்லாவற்றையும் சொன்னார். "மச்சான், வாய மூடிட்டாலும் உங்க நச்சரிப்பு போவலியே" என்றான் அவன். பிறகு அஞ்சலைக்கு எதிரே தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தான்.

"தங்கச்சி, நான் சைக்கிள்கடைக்காரன். ஒண்ணு கேக்குறேன். காத்தடிச்ச டியூப வெயில்ல போட்டு, மேல சாக்கப் போட்டு மூடினா இன்னா ஆவும்?"

"வெடிச்சிடும்."

"அப்ப இன்னா பண்ணணும்?"

"எங்க ஊட்டுக்காரரு டியூபாண்ணா?"

அஞ்சலை கம்பளியை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு அவரே பேசினார்.

"இது மொதலாளி வாங்கிக் குடுத்தது. எப்பவும் கொட்டாயில ஆணியில மாட்டியிருக்கும். யாராவது வுழுந்துட்டா போத்துறதுக்கு. மத்த களத்துல இதுகூடக் கெடையாது. அன்னைக்கும் தீ வரத்துக்கு முன்னாடி இதத்தான் மொதல்ல எடுத்தேன். லாரியில ரெண்டு பேரையும் ஒண்ணாத்தான் போட்டாங்க. வழியெல்லாம் அவரு நடுங்குனாரு. மூடி, மேல நானும் சாஞ்சிக்கினேன்." என் பக்கம் திரும்பினார். "சாருக்குப் போத்த இன்னொண்ணு இல்ல. மனசுக்குக் கஷ்டமா இருந்துச்சி. சும்மாவே கெடந்தீங்க, காத்துல."

தோப்பிலிருந்து ஆஸ்பத்திரி வரை ஒரே லாரி. திறந்த லாரியில் காற்று வியர்வையில் ஊறிய என் சட்டை மேல் அடித்துக்கொண்டே வந்திருக்கிறது. கோவிந்தன் கம்பளிக்குள் வந்திருக்கிறார். நான் வெளியூர் ஆள் என்பதால் எனக்குக் கம்பளி கிடைக்கவில்லை. நான் பிழைத்ததற்கு டாக்டர் சொன்ன காரணங்களில் அதுவும் ஒன்று.

அஞ்சலை அதன்பின் போர்த்தவில்லை. ஹனீபாவின் பேச்சாலா, என் தட்டலாலா, அல்லது ஐஸ் வைத்தும் கணவர் சாகவில்லை என்று பார்த்ததாலா, தெரியாது. சிஸ்டர் துணியை நனைக்கும்போது மறுமுனையைப் பிடித்தார். மடியிலிருந்த கம்பளியை மட்டும் கீழே வைக்கவில்லை.

கோவிந்தனுக்குச் சூடு இறங்கியது. ஒரு காலையில் கண் திறந்து, "சட்டி எறக்கியாச்சா?" என்றார். அஞ்சலை வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். பிறகு கோவிந்தன் என்னைக் கண்டுகொண்டார்.

"பேப்பர்ல வந்துச்சா சார்?"

தீ விபத்துச் செய்தி என் பத்திரிகையில் வந்திருந்தது. ஆபீசிலிருந்து வேறொருவர் எழுதியது. மூன்றாம் பக்கத்தில் ஒரு விரல் நீளம். முந்திரித் தோப்பு எரிந்தது, இருவர் மயக்கமடைந்தனர், அவ்வளவுதான். ஹனீபா அந்தத் தாளைப் பிரித்து, தொண்டையைச் செருமிக்கொண்டு உரக்கப் படித்தான். "தீயை அணைப்பதில் முன்னின்ற கோவிந்தன் என்பவர் மயக்கமடைந்து சிகிச்சை பெற்று வருகிறார்" என்று அச்சில் இல்லாத வரியைக் கூசாமல் படித்தான். கோவிந்தன் தாளை வாங்கி, எந்த இடம் என்று கேட்டார். ஹனீபா ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டினான். அவர் அந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டு படுத்திருந்தார். எழுத்துத் தவறு இருந்தால்கூடப் பொறுக்காதவன் நான். பலகையை எடுக்கவில்லை.

அன்று வார்டில் எல்லோரும் அவர் பிழைத்துவிட்டார் என்றே பேசிக்கொண்டோம். ஜைனப் சிதம்பரத்திலிருந்து கொண்டுவந்த கஞ்சியில் பாதியை அஞ்சலைக்கு ஊற்றினாள். "சாப்புடு புள்ள. அல்லா லேசாக்கிட்டான்" என்றாள். அஞ்சலை சாப்பிட்டார்.

டாக்டர் மட்டும் கட்டிலுக்கு அடியில் இருந்த பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். கோவிந்தனின் மூத்திரம் கறுப்புக் காப்பி நிறத்தில் இருந்தது. கொஞ்சம்தான் இருந்தது. அடுத்த நாள் அதைவிடக் குறைவு. பிறகு நின்றுவிட்டது.

இதையும் டாக்டர்தான் விளக்கினார், என்னிடமும் ஹனீபாவிடமும். அதிகச் சூட்டில் நெடுநேரம் கிடந்தால் தசையே உள்ளுக்குள் வெந்து கரையும். கரைந்தது ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தில் போய் அடைக்கும். சிறுநீரகம் நின்றால் கழிவு உடம்பிலேயே தங்கும். அவர் அதைச் சொல்லும்போது கோவிந்தனின் முகம் ஏற்கெனவே ஊதத் தொடங்கியிருந்தது.

"மெட்ராசுக்குக் கொண்டு போலாமா டாக்டர்?" என்றான் ஹனீபா.

"வழி தாங்காது" என்றார்.

நான் பலகையில் எழுதினேன்: கம்பளியாலா?

டாக்டர் படித்துவிட்டு, பேசுவதற்கு முன் அஞ்சலை எங்கே இருக்கிறார் என்று பார்த்தார். "விடியற்காலையிலேருந்து தண்ணி இல்லாம நெருப்புல நின்னிருக்காரு. அதுதான் மொதல் காரணம். லாரியில மூடிக்கிட்டு வந்தது அதை இன்னும் கெடுத்துச்சு. எது எவ்வளவுன்னு பிரிச்சுச் சொல்ல எனக்குத் தெரியாது." பலகையை வாங்கி, தன் கைக்குட்டையாலேயே துடைத்துத் திருப்பிக் கொடுத்தார்.

கோவிந்தன் இறந்தது பிற்பகலில். கடற்காற்று ஏறி, வார்டின் கிழக்கு ஜன்னல் கதவுகள் அடித்துக்கொள்ளத் தொடங்கிய நேரம். எதிர்க் கட்டில்காரர் வழக்கம் போல "வந்துடுச்சிய்யா காத்து" என்றார். சொன்ன பிறகுதான் திரும்பிப் பார்த்தார்.

அஞ்சலை அழவில்லை. எழுந்து நின்று, மடியில் வைத்திருந்த கம்பளியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சிஸ்டரைக் கேட்டார்.

"இப்பப் போத்தலாமாம்மா?"

சிஸ்டர் கம்பளியின் ஒரு முனையைப் பிடித்தார். இரண்டு பேருமாக விரித்துப் போர்த்தினார்கள். அஞ்சலை ஓரங்களைச் செருகினார்.

நான் அதற்குப் பிறகும் சில நாட்கள் அங்கே கிடந்தேன். நெஞ்சுப் படம் எடுத்தார்கள். முகத்துக்கு நேரே பாத்திரத்தில் மருந்து விட்டு ஆவி பிடிக்கச் சொன்னார்கள். வேளைக்கு வேளை பென்சிலின் ஊசி. ஊசியைக் கொதிக்கவைக்கும் ஓசை கேட்டாலே இடுப்பு இறுகும். அடுத்த கட்டிலுக்கு வயிற்றுவலிக்காரர் ஒருவர் வந்தார். நல்ல மனிதர். அவர் பக்கம் நான் திரும்பிப் படுக்கவே இல்லை.

பாசஞ்சரில்தான் சிதம்பரம் திரும்பினோம். எஞ்சின் புகை உள்ளே வராமலிருக்க ஜைனப் வழி நெடுக ஈரத்துண்டை என் முகத்தில் பிடித்துக்கொண்டு வந்தாள். வீட்டில் ஒரு மாதம் தாளிக்கவில்லை. மிளகாய் வறுக்கவில்லை. விறகு அடுப்பைக் கொல்லையில் வேப்பமரத்தடிக்கு மாற்றி, அந்த வெயிலில் அங்கேயே சமைத்தாள். பக்கத்து வீட்டார் சருகு கொளுத்துவதை நிறுத்தினார்கள். யாரும் இதையெல்லாம் என்னிடம் சொல்லவில்லை. சாம்பாரில் கடுகு இல்லாததை வைத்துத் தெரிந்துகொண்டேன். ஒரு நாள் ஜைனப் கொல்லையிலிருந்து முகம் சிவந்து, தலை சுற்றி உள்ளே வந்து உட்கார்ந்தாள். என் குரல் முதன்முதலில் வந்தது அப்போதுதான். "தண்ணி குடி" என்றேன். தகரத்தை இழுத்தது போல இருந்தது. இன்றும் அப்படித்தான் இருக்கிறது.

நடமாடத் தொடங்கிய பின் ஓர் அதிகாரியிடம் போய், வறுக்கும் களங்களில் குடிதண்ணீருக்கும் நிழலுக்கும் ஏதாவது விதி உண்டா என்று கேட்டேன். கீற்றுக் கொட்டகை தொழிற்சாலைக் கணக்கில் வராது என்றார். டீ வரவழைத்துக் கொடுத்தார்.

இந்த ஆண்டு கத்திரி பிறந்ததும் களத்துக்குப் போனேன். அதே தோப்பு ஓரத்தில் புதுக் கொட்டகை. மரங்களில் ஒரு பக்கம் கரி, ஒரு பக்கம் தளிர். சட்டி எரிந்துகொண்டிருந்தது. புகையைப் பார்த்ததும் என் கால் தானாக நின்றது. முகத்தில் ஈரத்துண்டைக் கட்டிக்கொண்டு, காற்று எந்தப் பக்கம் என்று பார்த்துப் போனேன்.

சட்டிக்குக் கொஞ்சம் தள்ளி, மணல் குவித்து இரண்டு பானைகள் வைத்திருந்தார்கள். அஞ்சலை சொம்பில் மொண்டு, சட்டி வறுக்கும் ஆளிடம் நீட்டினார்.

"ஏ அஞ்சல, சட்டி ஏறிட்ட அப்பறம் தண்ணியா? ஜன்னி கண்டுடும்" என்றார் அந்த ஆள்.

"குடிச்சிட்டுக் கெளறு. ஜன்னி கண்டு செத்தியின்னா நானே வந்து ஒப்பாரி வெக்கிறேன், கவலப்படாத."

பெண்கள் சிரித்தார்கள். அவர் குடித்தார்.

அஞ்சலை என்னைக் கண்டு சொம்போடு வந்தார். முதலாளி ஒன்றும் சொல்லவில்லையா என்று கேட்டேன்.

"வேல கெடுதுன்னாரு. நாங்க பொம்பளைங்க எல்லாரும் கட்டையக் கீழ வச்சிட்டோம். அப்பறம் பான வாங்க அவரே காசு குடுத்தாரு. இப்ப நான்தான் தண்ணி வச்சேன்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு திரியிறாரு. திரியட்டும். புதுக் கம்பளி ஒண்ணு வாங்கியாந்து ஆணியில மாட்டுனாரு. அதோ பாருங்க."

அவர் காட்டியது பானைகளை; சுற்றிலும் ஈரச்சாக்கு கட்டியிருப்பதாக நினைத்திருந்தேன். சாக்கு அல்ல. கம்பளியை இரண்டாகக் கிழித்து நனைத்துச் சுற்றியிருந்தார்.

புகைக்கு இன்னும் யாரும் ஒன்றும் செய்யவில்லை. வறுப்பவர் வாயில் துணிகூட இல்லை. இதையும் எழுதிவைக்கிறேன்.

"சார், ஒண்ணு கேக்கணும்" என்றார் அஞ்சலை. "அன்னைக்கு லாரியில நான் கம்பளி போத்தாம இருந்திருந்தா அவரு பொழச்சிருப்பாரா?"

பானையிலிருந்து நீர் மணலில் சொட்டிக்கொண்டிருந்தது. டாக்டர் துடைத்துக் கொடுத்த பலகை நினைவுக்கு வந்தது.

"பொழச்சிருக்கலாம்மா" என்றேன். "உறுதியா டாக்டராலயே சொல்ல முடியல. காலையிலேருந்து தண்ணி இல்லாம நின்னதுதான் மொதல் காரணம்னாரு. ஆனா கம்பளியும் கெடுதல்தான் பண்ணிச்சு."

அஞ்சலை தலையை ஆட்டினார். முகம் மாறவில்லை.

"தெரியும். எல்லாரும் விதி விதின்னாங்க. பேப்பர்ல அவரு பேரு இருக்குதுன்னு சைக்கிள்கட அண்ணன் சொன்னதும் பொய்யி. அந்தத் தாள எடுத்துக்கினு வந்து பஸ் கண்டக்டருகிட்ட குடுத்துப் படிக்கச் சொன்னேன். இல்லன்னுட்டாரு. அண்ணன் மேல கோவம் இல்ல. எங்க ஊட்டுக்காரரு சந்தோசமாப் போனாரு." சொம்பை நீட்டினார். "நீங்களும் பொய் சொல்லுவீங்களான்னு பாத்தேன். குடிங்க சார், நெருப்புகிட்ட நிக்கிறீங்க."

குடித்தேன். தண்ணீர் நல்ல குளிர்ச்சியாக இருந்தது. லேசாகக் கம்பளி வாடை அடித்தது.

தோப்பில் அவர் கேட்டுக்கொண்டபடி முதலாளியின் பெயரை இதில் போடவில்லை. கேட்டவர் பெயர் கோவிந்தன்.